மூன்று இருக்கைகள்

உஷ்குலியிலிருந்து ஒரு பெண் அழைத்துத் திட்டினாள்.
முதலில் இரைச்சல், பிறகு நாய், பிறகு அவள்:
"உன் பக்கத்தில் மலை வருகிறது.
உச்சியிலிருந்து, கொஞ்சம் கொஞ்சமாக,
பனி முதலில், பாறை அப்புறம்.
அதே ஷ்காரா என் ஜன்னலில் சும்மா நிற்கிறது.
எனக்கு மலை வேண்டாம்.
பாதை திறந்திருக்கிறதா இல்லையா,
அதைச் சொல்."

பெயர் லமாரா. செவிலி.
வியாழன் காலை ஒன்பது ரத்தக் குப்பிகளோடு
மெஸ்தியாவுக்கு இறங்க வேண்டியவள்.
முன்பதிவுப் பொத்தானை அழுத்தியிருக்கிறாள்.
அசைவில்லை.
மறுபடி அழுத்தியிருக்கிறாள்.
கடைசியாக ஒருமுறை, வசவோடு.

பொத்தானுக்கு மூன்றும் கேட்டிருக்கிறது.
கேட்டது என்று சொல்லத்தான் நாக்கில்லை.

ஆகவே வியாழன் காலை
பிட்ஸினா என்கிற ஓட்டுநர்
இல்லாத இரண்டு பேருக்காக
மர்ஷ்ருட்காவின் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு
முக்கால் மணி நேரம் நின்றார்.
லமாரா தானே அந்த மூவரும் என்று
அவளுக்கும் தெரியாது.
அவர்கள் கிளம்பியபோது சரிவில் பனி இறங்கியிருந்தது.
மெஸ்தியாவில் பரிசோதனைக்கூடம் பூட்டியிருந்தது.
ஒன்பது பேரும் மறுபடி கையை நீட்டினார்கள்.
ஒரு பையன் கடித்துவிட்டான்.

திபிலிசியில், மூன்றாம் மாடியில்,
கொழுத்த இணைப்பில் உட்கார்ந்திருக்கிற எனக்கு
அந்தப் பக்கம் என்றைக்கும் பட்டென்றுதான் திறந்தது.
அன்றிரவு என் இணைப்பின் கழுத்தை நானே நெரித்தேன்,
உஷ்குலியின் ஒற்றைக்கோட்டு சிக்னல் அளவுக்கு.
வெள்ளைத் திரை.
ஒரு வட்டம் தன் வாலைத் துரத்தியது.
அடுப்பில் காப்பி பொங்கி, வழிந்து, தீயை அணைத்தது.
இருபத்து மூன்றாவது நொடியில் ஷ்காராவின் நெற்றி.

நாலு எம்பி மலை. ஏற்றி வைத்தவன் நான்.
அதன் கீழே, புது உடுப்பு வந்து சேரும்வரை
வெளியே தலைகாட்ட மாட்டோம் என்று
பிடிவாதமாக நிற்கும் எழுத்துகள்.
யார் வந்தார், எதைத் தொட்டார் என்று
எங்கெங்கோ போய்க் கோள் சொல்லும் பதினோரு நிரல்கள்.
எதற்கென்றே எனக்கு நினைவில்லாத ஒரு நூலகம்.
எல்லாவற்றுக்கும் அடியில், பத்திரமாக, ஒரே ஒரு சொல்:
திறந்துள்ளது.

மல்ஹாஸ், என் முதலாளி, மலையை விட மனசில்லை.
"மலை இல்லாவிட்டால் யார் வருவார்?"
"ஏற்கெனவே மலையில் இருக்கிறவர்கள்."
இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.
மூன்றாம் நாள், அவருடைய மாமியார் ஊருக்குப் போகும் வழியில்
அந்தப் பக்கத்தை அவரே திறக்க வேண்டியிருந்தது.

வெட்டினேன்.
மலையைத் தபால்தலை அளவாக்கி, கடைசியில், கேட்டால் மட்டும்.
கோள்சொல்லிகளை வெளியே அனுப்பினேன்.
எழுத்துகளை உடுத்தியிருப்பதோடு வா என்றேன்.
தொட்டவுடன் பொத்தான் கறுத்து
'கேட்டது, பொறு' என்கிறது இப்போது.
எத்தனை முறை அழுத்தினாலும் ஓர் ஆள்தான்.

மாத்திரை என்றால் கண் இமைக்கும் நேரம்.
லமாராவின் பையில் இருப்பதும் மாத்திரைதான்.
தாமதமாகப் போய்ச் சேர்ந்தால்
இரண்டாலும் பலனில்லை.

ஒரு வாரத்தில் மறுபடி அழைத்தாள். மறுபடி திட்டு.
"தொட்டவுடன் வந்து நிற்கிறது.
நேற்றைய சேதியை வைத்து ஏமாற்றுகிறாயா?"
நான் இதை யோசிக்கவே இல்லை:
காத்திருந்தே பழகியவருக்கு
வேகம் பொய் மாதிரித் தெரியும்.

நேரத்தைச் சேர்த்தேன்: இன்று காலை 6.40-க்குப் பார்த்தது.
"யார் பார்த்தது?"
"பிட்ஸினா."
"அதையும் போடு."
போட்டேன். எங்கள் எழுத்தில் ஆறெழுத்து,
பதினெட்டு பைட்.

சனிக்கிழமை பாதை மூடியிருந்தது.
ஒரு தடவைதான் பார்த்தாளாம்.
அன்று யார் கையிலும் ஊசி ஏறவில்லை.