இருநூற்று ஐம்பத்தைந்து, அறுபத்திரண்டு, சுழியம்

பாடாங் செராய் கடைவரிசையில்
கீழே இருபத்துநாலு மணிநேர டோபி,
மேலே என் கடை.
துணி பிழியும்போதெல்லாம்
என் மேசையில் திருகாணிகள் நகரும்.

கோகிலவாணி ஷிப்ட் முடித்து வந்தாள்,
சேற்று பூட்ஸைப் படியிலேயே கழற்றிவிட்டு.
செம்பனை ஆலையில்
லாரி கவிழ்க்கும் குலைகளைத் தரம் பிரிக்கிற வேலை.
காய், செங்காய், பழம், அழுகல்:
நடந்துகொண்டே சொல்லிவிடுவாள்.

பதினாலு மாதம் சேர்த்தது மூன்று பைகளில் இருந்தது.
போனசில் வாங்கிய போர்டு,
சுங்கை பட்டாணியில் யாரோ விற்ற ரேம் இரண்டு,
ஆறு விசிறி,
ஒரு முழம் விளக்கு நாடா, ஊர் பேர் இல்லாதது.

"எல்லாம் ஒரே நிறத்துல எரியணும்."
என்ன நிறம் என்றேன்.
"பழுத்த குலை. முதல் பழம் உதிர்ற அன்னிக்கு."

விசிறி விளக்குக்கு மூன்று ஊசி, ஐந்து வோல்ட்.
நாடாவுக்கு நான்கு ஊசி, பன்னிரண்டு.
மூன்றின் வரிசையில் ஒரு பல் விழுந்த இடம் உண்டு,
அந்தப் பொக்கையைப் பார்த்துத்தான் செருக வேண்டும் என்று
வருகிறவர்களுக்கெல்லாம் ஓதுகிறவன் நான்.
அன்றைக்கு போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு,
நாலு துளையும் திறந்த மலிவு வயரில்
ஐந்தைக் கொண்டுபோய்ப் பன்னிரண்டில் அழுத்தினேன்.

ஒரு வெள்ளை வெட்டு.
பிறகு பிளாஸ்டிக் கருகும் வாசம்.
விசிறி சுற்றிக்கொண்டுதான் இருந்தது,
விளக்குகள் மட்டும் இல்லை.
"போச்சா?"
"போச்சு."
விலை கேட்டாள், சொன்னேன், எழுதிக்கொண்டாள்,
அழுகல் குலைக்குக் கழிக்கிற
அதே சின்னப் புத்தகத்தில்.

கோர்த்த விளக்குகளில்
சேதி முதலாவதற்குத்தான் போகும்.
அது தன் பங்கை எடுத்துக்கொண்டு
மிச்சத்தை அடுத்ததன் பக்கம் தள்ளும்.
செத்தது எதையும் தள்ளாது.
அதற்குப் பின்னால் இருந்த மூன்று விசிறிகள்
ஒன்றும் கேள்விப்படாமல் இருட்டில் சுற்றின.
செத்ததை வரிசையின் கடைசிக்கு மாற்றினேன்,
முதுகுப்பக்கம், சுவரைப் பார்த்தபடி.
சூட்டை வெளியே தள்ள
வெளிச்சம் எதற்கு.

எல்லாவற்றுக்கும் ஒரே எண் கொடுத்தேன்.
ரேம் குங்குமமாகியது.
விசிறி மஞ்சள் பக்கம் சாய்ந்தது.
நாடா எதற்கோ வெட்கப்பட்டு ரோஜாவானது.
"ஒரே நம்பர்தான்" என்றேன்.
"ஒரே நிறமா?"
அதற்கு மேல் நான் வாய் திறக்கவில்லை.

கடை விளக்கை அணைக்கச் சொன்னாள்.
கால்சட்டைப் பையிலிருந்து ஓர் உதிரிப் பழம்,
அதன்மேல் கைப்பேசியின் டார்ச்.
மவுஸை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டு
பச்சையை ஒவ்வொன்றாய் ஏற்றினாள், இறக்கினாள்,
கண்ணை மூடித் திறந்தாள், மறுபடி இறக்கினாள்.
விசிறிக்கு அறுபத்திரண்டு.
ரேமுக்குத் தொண்ணூற்றேழு.
நாடாவுக்கு நூற்றுப்பத்து, அதுவும் அரைமனதாக.
ஒன்றாகத் தெரிய
ஒவ்வொன்றிடமும் வேறு சொல்ல வேண்டியிருந்தது.

மணி ஒன்றரை. இடி. கரண்ட் போய் வந்தது.
திரும்ப உயிர் வந்ததும் எல்லாம் வானவில்,
கல்யாண மண்டப வாசல் மாதிரி ஓடிற்று,
எங்கள் நிறம் ஞாபகம் வரப்
பதினோரு வினாடி.
"தினமும் இப்படித்தானா?"
தினமும் இப்படித்தான்.
"பரவாயில்ல, நான் எழுந்ததும்
பேசற நிலைல இருக்கமாட்டேன்."

விசிறி விலை கழித்து மீதி வெள்ளியை எண்ணி வைத்தாள்.
கஞ்சில் காரின் முன்சீட்டில் அதை உட்காரவைத்து
பெல்ட் போட்டாள்.
கண்ணாடிக் கதவில் அவளுடைய எண்ணெய் விரல்கள்
ஐந்தும் பதிந்திருந்தன. துடைக்கவில்லை.

மேலே வந்து டியூப் லைட்டைப் போட்டேன்.
பழத்தை விட்டுப் போயிருந்தாள்.
இந்த வெளிச்சத்தில்
அது வேறு நிறம்.