முப்பத்தோராம் பத்தி

தீர்ப்பு நாற்பத்தாறு பக்கம்.
நகலுக்குக் கட்டிய பணத்தில்
இரண்டு கூடை சூடை எடுத்திருக்கலாம்.

மதுரை வக்கீல் ஒரு பத்தியில் விரலை வைத்து
ஆங்கிலத்தை நிறுத்தி நிறுத்தித் தமிழாக்கினார்:
"ஐஸ் ஏற்றியது தான்தான் என்று
எதிரியே ஒப்புக்கொண்டிருக்கிறார்.
இதற்கு மேல் சாட்சி எதற்கு?"

நம்பு என்று குலசாமி பெயர் வைத்தோம்.
கோர்ட்டில் அவருக்கு எதிரி என்று பெயர்.

ஒப்புக்கொண்டது உண்மைதான்.
கதவோரம் நானும் நின்றிருந்தேன்.
"பெட்டியில ஐஸ் ஏத்துனது நீதானே?"
"ஆமாங்கய்யா, நாந்தான். ஏழு பார்."
யாரோ சிரித்தார்கள்.
ஏழு பார் என்றதை எழுதவில்லை.

பாம்பன் தெற்குவாடியில் ஐஸ் என்றால்
சாக்கு சுற்றி வரும் பார்.
கட்டையால் நொறுக்குவோம்,
கணவாய் நிறம் மாறாமல் காக்கும்,
சேற்றுப்புண்ணில் பட்டால் எரியும்.
கிராம் கணக்கில் நிறுக்கிற ஐஸ் ஒன்று உண்டென்று
அவரைப் பிடித்துப்போன அன்றுதான் கேள்விப்பட்டேன்.

பத்து வருஷம். ஒரு லட்சம்.

மேல்முறையீட்டில் நான்காவது காரணம் அதுதான்:
எந்த ஐஸ் என்று கேட்கவில்லை,
எந்த ஐஸ் என்று அவருக்குச் சொல்லவும் இல்லை,
பிறகு அந்த 'ஆமாம்' மீதே தண்டனையை ஏற்றிவிட்டார்கள்.
வக்கீல் அந்த வரியை இரண்டு முறை வாசித்தார்.
அவருக்கே பிடித்திருந்தது.

எனக்கு ஒரு கேள்வி இருந்தது.
மனுவில் எழுதக்கூடியது இல்லை.
ஜெயிலில், கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று,
பக்கத்துப் பெண்ணின் அழுகைக்கு மேலே கத்திக் கேட்டேன்:
"அடியில கைய விட்டப்ப
ஒண்ணும் தட்டுப்படலையா?"

கொஞ்ச நேரம் பார்த்தார்.
"ஐசுக்குள்ள விட்ட கை மரத்துப்போகும்டி.
எது தட்டுப்படும்?"

நான் நம்பினேன்.
பஸ் பரமக்குடி தாண்டும்போது
இன்னொரு தடவை நம்பினேன்.

படகைக் கரைக்கு இழுத்துவந்து
தராசு கொண்டுவர மத்தியானம் ஆகியிருக்கிறது.
மகஜரில் எல்லாம் இருக்கிறது:
பொட்டலம் இரண்டு, வலை, டீசல் கேன்,
அவருடைய செருப்பு ஒற்றை.
எங்கள் ஐஸ் அதற்குள்
பலகை இடுக்கில் ஒழுகி முடிந்திருந்தது.
அதற்கு எண் போடவில்லை.

கச்சான் அடிக்கிற இந்த மாதத்தில்
மீன் ஒன்பது மணிக்கே கண் கலங்கிவிடும்.
கம்பெனிக்குப் போனால்
"ரெண்டு கட்டி குடு தம்பி" என்கிறேன்.
புதுப் பையன்.
"ஐஸாக்கா?"

"மீனுக்கு."