பகலில் உறங்க ஓர் அறை

மெரேபேங்க். ஜனவரி. நடுப்பகல்.
ஏணி போட்டுக் கூரைக்குள் தலையை நீட்டினேன்,
கையில் மீன்தொட்டி வெப்பமானி.
ஐம்பதோடு எண்கள் முடிந்துபோயின,
சிவப்புக் கோடு முடியவில்லை.

"இதற்குள்ளா என் அண்ணனைப் படுக்கப் போடுவாய்?
அப்பளம் காய வைக்கலாம்," என்றாள்
நாத்தனார் தையல்நாயகி, ஏணியைப் பிடித்தபடி.

கீழே இடமில்லை.
ஓர் அறை பிள்ளைகளுக்கு, ஓர் அறை அவளுக்கு,
மூன்றாவது அறைச் சுவருக்கு அந்தப் பக்கம்
காலை எட்டுக்கே கிரைண்டர் போடும் வெல்டிங்காரர்.
என் வீட்டுக்காரர் பூபாலன்
துறைமுகத்தில் இரவெல்லாம் கிரேன் ஓட்டுகிறவர்.
பதினொரு வருஷமாய்
நான் எழுந்து போக, அவர் வந்து விழுவார்;
எங்களுக்குள் தினமும் கைமாறுவது
தலையணையின் சூடு ஒன்றுதான்.

தச்சர் பெக்கானி ஷேசி
ஆறு மூட்டை கண்ணாடிப் பஞ்சோடு வந்தார்.
பார்க்கப் பஞ்சுமிட்டாய், தொட்டால் சுணை.
முழுக்கைச் சட்டை, முகமூடி,
அப்படியும் இரண்டு நாள் கழுத்தைச் சொறிந்தோம்.

"ஓட்டை ஒட்டித் திணிக்கக் கூடாது,
இரண்டு விரல் விடணும்," என்றார்.
ஓட்டை விட்டு விலகினால் போதாதாம்,
ஓட்டையும் போட வேண்டுமாம்:
இறவாரத்தின் அடியில் பத்து, முகட்டில் நாலு.
வெயிலை அடைக்கக் காசு கொடுத்தவள் நான்;
அவர் ரம்பத்தோடு வீட்டைத் துளைத்துக்கொண்டிருந்தார்.

மூன்றாவது துளையில் மைனாக் கூடு.
ரொட்டிப் பை, காவடியில் கட்டிய மஞ்சள் ரிப்பன்,
சின்னவன் தொலைத்த வீட்டுப்பாடத்தில் பாதி.
குஞ்சுகள் பறந்து போயிருந்தன.
கூட்டை எடுத்துவிட்டுக் கம்பிவலை அடித்தோம்.
இரண்டு மைனாக்கள் வாரம் முழுக்க
வலையைப் பற்றித் தொங்கி எங்களை வைதன.

என் பயம் வேறு.
தென்மேற்குக் காற்று திரும்பினால்
எண்ணெய் ஆலை எங்கள் தெருவுக்குள் வரும்,
அழுகின முட்டையும் கொளுத்தின தீக்குச்சியுமாக.
இங்கே பிள்ளைகள் பேசுவதற்கு முன்
ஜன்னல் சாத்தக் கற்கும்.
பெரியவளின் இன்ஹேலர் ஃப்ரிட்ஜ் மேலே,
இருட்டிலும் கை எட்டும் இடத்தில்.
நாற்பது வருஷம் சாத்திச் சாத்தியே வாழ்ந்தவள்
சாத்த முடியாத பதினாலு துளைக்கு
எப்படிச் சம்மதிப்பேன்?

"மூடி போட முடியுமா?"
"போடலாம். குளியலறை ஆவி, குழம்பு ஆவி
எல்லாம் மேலே வந்து பஞ்சை நனைக்கும்.
பூஞ்சை பிடிக்கும். அப்புறம் இருமல்
உள்ளேயிருந்தே வரும்."
பென்சில் எடுத்து ஜிப்சம் பலகையில் வரைந்தார்:
கீழே நுழைகிற காற்று
பஞ்சுக்கும் ஓட்டுக்கும் நடுவே ஏறி
முகட்டில் வெளியேறும். அறைக்குள் காலடி வைக்காது.
அறைக்குத் தனியாய்க் கூரைச்சன்னல் ஒன்று, கைப்பிடியோடு:
"அது உங்கள் இஷ்டம்."
அந்தப் படம் இன்னும் பெயிண்டுக்கு அடியில் இருக்கிறது.

முதல் நாள் பூபாலன் நாலு மணிவரை தூங்கினார்.
உயிரோடு இருக்கிறாரா என்று
இரண்டு தடவை ஏறிப் பார்த்தேன்.
வெப்பமானியில் இருபத்தெட்டு.
இறங்கி வந்து நனைந்த தெருவைப் பார்த்தவர்
"மழையா பெய்தது?" என்றார்,
யாரோ சொல்லாமல் வந்து போனதைப் போல.
ஓட்டில் மழை விழும் சத்தத்தையும்
பஞ்சு வாங்கிக்கொள்ளும் என்று
ரசீதில் எழுதியிருக்கவில்லை.

புதன்கிழமை எனக்கு லீவு.
பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனதும் ஏறினேன்.
பதினொரு வருஷத்தில் முதல் தடவை
பத்து மணி வெளிச்சத்தில் அவர் தூங்கும் முகம்.
வாய் லேசாய்த் திறந்திருந்தது.
சரிந்த கூரைக்குக் குனிந்து, அப்படியும் தலையை இடித்துக்கொண்டு
பக்கத்தில் படுத்தேன்.
உள்ளங்கையைப் பலகையில் வைத்தேன்: சுடவில்லை.
அதற்கு மேலே இரண்டு விரல் இடுக்கில்
என்னென்னவோ போய்க்கொண்டிருந்தது.

பிறகு கூரைச்சன்னல் வழியே அந்த வாடை,
முதலில் லேசாக.
எழுந்து கைப்பிடியைப் பிடித்தேன்.
"காற்று எந்தப் பக்கம்?" என்றார், கண் திறக்காமல்.
"வடகிழக்கு," என்றேன். "கடல் காற்று. தூங்குங்க."
சத்தமில்லாமல் சாத்திவிட்டு வந்து படுத்தேன்.