ஒரு காப்பி கூடுதல்

இராயக்கோட்டை தக்காளி மண்டிக்கு எதிர்வரிசையில்
என் ஜெராக்ஸ் கடை.
பக்கம் இரண்டு ரூபாய். முன்னும் பின்னும் என்றால் மூன்று.

முனிரத்தினம் என்று சொல்லிக்கொண்டவர்
மப்டியில் வருவார். காலில் மட்டும் இலாகா ஷூ.
குவாரித் தூசுக்கு எதிராகத் திம்மராயன்
மனு எடுத்துவந்த நாளில் முதல்முறை கேட்டார்:
"ஒரு காப்பி கூடப் போடும்மா, நம்ம கணக்குல."
போட்டேன்.
காசைச் சரியாகக் கொடுத்தார். ரசீதும் கேட்டார்.
அது எனக்கு நேர்மையாகப் பட்டது.

பதினோரு வருஷம்.
மனுவுக்கு ஒன்று, கல்யாணப் பத்திரிகைக்கு ஒன்று,
மாதேசன் மகளின் மாற்றுச் சான்றிதழுக்கு ஒன்று,
நாகவேணி டீச்சரின் ஸ்கேன் ரிப்போர்ட்டுக்கும் ஒன்று.
நாட்டுக்கு நல்லது என்றார்.
நாடு என்பது எங்கள் ஊருக்கு வெளியே
ரயில் போகிற திசையில் எங்கோ இருப்பதாக
நினைத்துக்கொண்டேன்.

போன ஐப்பசியில் அவர் ஆபீஸ் மெஷின் படுத்துவிட்டது.
கோப்பையே தூக்கிவந்துவிட்டார்.
"படிக்காத, போடு" என்றவர்
போன் வந்து மண்டிப் பக்கம் நடந்தார்.

மூடியைத் திறந்துவைத்தே ஓட்டினேன்.
பச்சை வெளிச்சம் வரிவரியாக நகர்ந்தது.

திம்மராயன்: நள்ளிரவில் தோட்டத்தில் ரகசிய நடமாட்டம்.
அட பாவமே,
மும்முனைக் கரண்டை ராத்திரி பன்னிரண்டுக்குத்தானே விடுகிறான்!
மோட்டார் போடாமல் யார் தண்ணீர் கட்டுவது?

நாகவேணி: தருமபுரிக்கு மாதம் இருமுறை பயணம். காரணம் தெரியவில்லை.
அந்த ஸ்கேனை அவர் கையிலேயே கொடுத்தேன்.
ஒருவரும் படிக்கவில்லை போலிருக்கிறது.
வாங்கி அடுக்கத்தான் ஆள்.

முப்பத்தேழாம் பக்கத்தில் நான்.
பேர் சரி. புருஷன் செத்த தேதியும் சரி.
இரவு பத்துக்கு மேல் ஓசூர் எண்ணுக்கு நீண்ட உரையாடல்.
கீழே முழுசாக டைப் அடித்திருந்தது
அக்கா அழுதது, நான் ஒன்றும் சொல்லத் தெரியாமல் நின்றது.
அதற்கும் ஒரு வரி:
இருபது விநாடி மௌனம்.

அந்த மௌனத்தை
நான் யாருக்கும் காப்பி போட்டுக் கொடுத்ததில்லை.

வந்தார். நூற்றுப்பன்னிரண்டு பக்கம் என்றேன்.
காசை எண்ணி வாங்கினேன்.
கை நடுங்கவில்லை. இன்றைக்கும் உறுத்துவது அதுதான்.
இப்போதெல்லாம் அக்காவிடம்
மழையும் அரிசி விலையும் மட்டும் பேசுகிறேன்.
உனக்கு என்னமோ ஆகிவிட்டது என்கிறாள்.

தை கடைசியில் குவாரியில்
இரண்டு பெட்டி ஜெலட்டின் காணோம்.
இந்தத் தடவை நிஜமாகவே கேட்டு வந்தார்கள்.
ஜீப்பில், சீருடையில், கெஞ்சுகிற குரலில்கூட.
டீக்கடை டம்ளரைக் கழுவிக்கொண்டிருந்தது.
மண்டி தக்காளிப் பெட்டி எண்ணியது.
"ராத்திரி தண்ணி கட்டுறவன் சார், ஊர் சேதி தெரியாது"
என்றான் திம்மராயன்.
ஒளிந்திருந்து கேட்ட காதுக்கு
நேரே வந்து நின்றபோது
சொல்ல ஒரு வாய் இல்லை.

கடைசியில் முனிரத்தினம் மட்டும் என் கடையில் நின்றார்.
நரைத்துப் போயிருந்தார், இத்தனை நாள் கவனிக்கவில்லை.
"உனக்கு ஏதாவது..."
"பக்கம் ரெண்டு ரூபா" என்றேன்.

டிராயரில் கசங்கிய தாள் ஒன்று இருக்கிறது.
பொங்கல் முடிந்த வாரம், யாரோ ஒரு பையன்,
ஒரு லாரி பெர்மிட்.
எண்ணில் எட்டின் ஒரு பக்கத்தை
வெள்ளை மையால் அழித்து மூன்றாக்கியிருந்தான்.
சரியாக விழாத முதல் காப்பியை
அவன் வாங்கிப்போகவில்லை.

கொடுத்தால் அடுத்த கோப்பில்
என் பேருக்கு நேரே என்ன எழுதுவார்கள்?
கொடுக்காவிட்டால்,

தினமும் சாயங்காலம் சங்கு ஊதிவிட்டு
குவாரியில் மூன்று வெடி.
மெஷின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே எண்ணுகிறேன்.
மூன்றும் முடிந்து, நாய்களும் ஓய்ந்து,
மண்டியில் விளக்குப் போட்ட பிறகும்
என் காது இறங்காமல் நிற்கிறது
நான்காவதற்கு.