கோட்டின் கனம்

போன குறுவைக்கு நாற்று நின்ற நிலம்
இப்போது என் மேசையில் ஒரு தாள்.
ஐந்நூறுக்கு ஒன்று அளவு.
வடகட்டளை, புல எண் நூற்றுப் பதினாறு, உட்பிரிவு இரண்டு.
நஞ்சை என்ற சொல்லின் மேல்
சிவப்பு மையில் ஒரு கோடு.
கும்பகோணம் போகிற புறவழிச்சாலை திறந்த மூன்றாம் மாசம்
விழுந்தது. அது நான் போட்டதில்லை.
மற்ற எல்லாக் கோடும் நான் போட்டது.

மனைக்கு இத்தனை என்று எனக்குக் கூலி.
மனை சிறுத்தால் எண்ணிக்கை கூடும்,
எனக்கும் கூடும்.
இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஊராட்சிக் கூடத்தில் அன்று
இருபத்து மூன்றடிச் சாலைக்கு ஒத்துக்கொண்டார்கள்.
பூங்காவுக்குப் பத்தில் ஒன்று,
முனகிக்கொண்டே ஒத்துக்கொண்டார்கள்.
ஒரு மனை குறைந்தது எத்தனை சதுர அடி
என்பதில் வந்து நின்றுவிட்டது.

ஓய்வுபெற்ற காசாளர் மாசிலாமணி எழுந்தார்:
"அறுநூறடி குடுத்தா ரெண்டு வருஷத்துல சந்தாயிடும்.
கார் திரும்பாது. அப்புறம்..."
அப்புறத்துக்கு அப்புறம் அவர் சொல்லவில்லை.
எந்தத் தெருவிலிருந்து யார் குடிவருவார்கள் என்பது
அந்த மூன்று புள்ளிக்குள் இருந்தது.
பின்வரிசையில் நாற்காலி அடுக்கிக்கொண்டிருந்த
தூய்மைப் பணியாளர் சகாயராணிக்கும் கேட்டது.

கோலாலம்பூரிலிருந்து திரும்பிய ஹாஜா மைதீனுக்கு
இரண்டாயிரத்து நானூறு வேண்டும்.
"சுத்தி நாலு தென்னை நிக்கணும்ல?"
மனைப்பிரிவு போடுகிற இளஞ்சேரன்
மேசைக்கு அடியில் கால்குலேட்டரைத் தட்டினான்.
கீழ்மடை மருதையன் மட்டும்
அளவைப் பற்றிப் பேசவே இல்லை.
"ஐப்பசில அடிச்சு ஊத்துனா
இத்தனை வூட்டுத் தண்ணியும்
எவன் வயல்ல வந்து நிக்கும்?"
"அது அடுத்த பொருள்" என்றார் தலைவர்.
அடுத்த பொருள் தெருவிளக்கு.

ஆயிரம் என்றார்கள். அறுநூறு என்றார்கள்.
முன்னால் ஐந்தடி, பக்கத்தில் மூன்றடி விட்டால்
அறுநூறில் கட்டில் அடுப்படிக்கு வந்துவிடும் என்றார்கள்.
நடுவில் போண்டா வந்தது.
எண்ணெய் துடைத்த விரலை நீட்டி
யாரோ எண்ணூறு என்றார்.
யாருக்கும் பிடிக்காததால் அது நிறைவேறியது.

நாற்பத்தொரு மனை ஒழுங்காய் விழுந்தன.
வாய்க்கால் வளைகிற மூலையில்
ஒரு முக்கோணம் மிஞ்சியது.
முப்பதுக்கு ஐம்பத்திரண்டரை, அதில் பாதி:
எழுநூற்று எண்பத்தேழரை.
வாஸ்து பார்க்கிறவன் அந்தப் பக்கம் தலைவைக்க மாட்டான்.
சகாயராணி படியில் வழிமறித்துக் கேட்டாள்:
"அந்த மூக்கு மாதிரி இருக்கே, அது என்ன வெலைம்மா?"
கார்த்திகையில் சீட்டு விழுமாம்.
பன்னிரண்டரை அடி குறையுது,
மனைன்னே பேர் வராது என்றேன்.
"எங்க வூட்டுல குளிக்கிற எடமே அம்புட்டு இல்லியே"
என்று சிரித்தாள்.

ராத்திரி கணக்குப் போட்டேன்.
என் பேனா முனை புள்ளி மூன்று ஐந்து மில்லிமீட்டர்.
ஐந்நூறால் பெருக்கினால்
தரையில் அது ஏழு அங்குலம்.
முப்பதடி நீளத்துக்கு ஏழு அங்குலம்,
பதினேழரை சதுர அடி.
யார் பேரிலும் பட்டா இல்லாத நிலம்
ஒவ்வொரு கோட்டுக்குள்ளும்
கறுப்பாய்ப் படுத்திருக்கிறது.

ஒரு பக்கம் வாய்க்கால். அந்தக் கோட்டைத் தொடமாட்டேன்,
மருதையனுக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.
மறுபக்கம் நாற்பத்தொன்றாம் மனை,
ஆயிரத்து ஐந்நூறு,
இளஞ்சேரன் தனக்கென்று வைத்துக்கொண்டது.

அளவுகோலைக் கோட்டின் இந்தக் கரையில் வைத்தேன்.
எழுநூற்று எண்பத்தேழரை.
அந்தக் கரையில் வைத்தேன்.
எண்ணூற்று ஐந்து.
இரண்டும் சரி.
அதுதான் தொந்தரவு.

அட்டவணையில் நாற்பத்திரண்டு என்று ஒரு வரி சேர்த்தேன்.
எதிரே எண்ணூற்று ஐந்து,
எண்ணாலும் எழுத்தாலும்.
கூலியில் ஒரு மனை கூடுகிறது.
அதையும் வாங்கிக்கொள்வேன்.