கட்டிலை எரித்த ஜனவரி

கோத்தகிரியில் இறங்கும்போது மணி ஏழு.
மேட்டுப்பாளையம் பஸ் வழியில் இரண்டு முறை நின்றது,
ஒருமுறை காட்டெருமைக்கு,
ஒருமுறை என் வாந்திக்கு.
பையில் ஸ்கேன் உறை. அதன்மேல் முறுக்குப் பொட்டலம்.
எண்ணெய் கசிந்து
ஞானப்பூ அழிந்துவிட்டாள்;
"54, பெண்" மட்டும் மிச்சம்.

பதினோரு மாதம் அந்த மாத்திரை வேலை செய்தது.
பீடி தொட்டவளில்லை நான், ஆனாலும் நுரையீரலில் இருந்தது
வளர், வளர் என்று ஓயாத ஒரு சுவிட்ச்.
மாத்திரை போய் அதை மட்டும் அணைக்கும்,
பக்கத்து விளக்கை அதிகம் தொடாது
என்று டாக்டர் ஷெரின் சொன்னபோது
அந்தத் துல்லியம் பிடித்திருந்தது எனக்கு.
ஃபேக்டரியில் தூளும் காம்பும் பிரித்தவள்,
விரலுக்குத் தெரியும்.

எலுமிச்சை சுண்டைக்காய் ஆனது.
பதினாறு வயசில் வராத பரு முகத்தில் வந்தது.
நகக்கண் வெடித்தது. சரி, இருக்கட்டும் என்றிருந்தேன்.

இன்று கறுப்புப் படத்தில்
சுண்டைக்காய் நெல்லிக்காயாகி உட்கார்ந்திருக்கிறது.

"பட்டினி போட்டோம். நிறையச் செத்தது.
மிச்சம் கொஞ்சம், தன்னையே தின்னு
உயிரைப் பிடிச்சு வச்சிருந்திருக்கலாம்."
எப்படி என்றேன்.
ஊசிப் பெட்டியின் முதுகில் வரைந்தார்:
ஒரு வட்டம், உள்ளே குட்டி வட்டங்கள்.
உள்ளே கிடக்கும் பழசு பட்டதைச் சுற்றி
ஒரு பை பின்னிக்கொள்ளும்.
பையை அமிலத்தில் சேர்க்கும்.
கரைந்ததை எடுத்து மறுபடி உலையில் போடும்.
கடைக்குப் போக வேண்டாம்.
"எல்லா உடம்புலயும் உள்ளதுதான்.
நீங்க பட்டினி கிடந்தா உங்களுக்கும் நடக்கும்."

அதற்குமேல் எனக்குப் படம் தேவைப்படவில்லை.

தேயிலை விலை விழுந்த வருஷம்
கேட்டில் பூட்டு. சம்பளம் பாக்கி.
லயத்துக் கரண்டையும் பிடுங்கினார்கள்.
குரியன் துரையின் கணக்கு:
இரண்டு வாரம், தானாகக் காலி செய்துவிடும் சனம்.
ஜனவரி. புல்லெல்லாம் உப்புப் பூத்தாற்போல் உறைபனி.
சீகை விறகுக்குப் போனால் வாட்சர் பிடிப்பான்.
சந்தனசாமி முதலில் கட்டிலின் கால்களைக் கழற்றினார்.
அப்புறம் சட்டம்.
அலமாரியின் முதுகு.
கோழிக்கூடு, கோழிகள் போன பிறகு.
இரண்டு அறைக்கும் நடுவிலிருந்த கதவு
மூன்று ராத்திரி எரிந்தது,
பெயின்ட் நாற்றத்தில் பிள்ளைகள் கதகதப்பாகத் தூங்கின.
தரையில் படுத்தோம். சுருங்கினோம்.
யாரும் சாகவில்லை.
பங்குனியில் கேட் திறந்தபோது
ஒரு தலை குறையாமல் வரிசையில் நின்றோம்.
குரியன் துரை எங்களைப் பார்த்தாரே ஒரு பார்வை,
அந்தப் பார்வைதான்
இன்று ஸ்கேனைப் பார்த்தபோது என் கண்ணில் இருந்தது.

வெறுக்கத்தான் வேண்டும். வெறுக்கிறேன்.
ஆனால் நெஞ்சுக்குள் யாரோ
கட்டிலை உடைக்கிற சத்தம்
எனக்கு அந்நியமில்லை.
என் சதையிலிருந்து வந்தது,
வேறு யாரிடம் கற்றிருக்கும்?

இனி இரண்டு மாத்திரை.
பழையதோடு, மலேரியாவுக்குத் தருகிற ஒன்று.
அமிலத்தை மழுக்கிவிடுமாம்,
பை செரிக்காமல் அப்படியே கிடக்குமாம்.
"சோதனைதான். பலிக்கும்னு சொல்ல மாட்டேன்."
நாலு இடத்தில் கையெழுத்துப் போட்டேன்.
குளிர் மலையில் மலேரியா மாத்திரையா என்று
ஜீப்பில் சிரித்தான் பெள்ளிராஜ்,
கண்ணாடியில் என் முகம் பார்த்து நிறுத்திக்கொண்டான்.

நடு நிலையில் இன்றும் கதவில்லை.
வாங்க வேண்டும் என்று இருபது வருஷமாகப் பேச்சு.
கீல் இருந்த இடத்தில் ஒரு ஆணி;
மாத்திரைப் பையை அதில் மாட்டினேன்.
வெளியே பனி இறங்கத் தொடங்கிவிட்டது.
சந்தனசாமி கஞ்சி சுடவைக்க
கேஸ் அடுப்பில் தீக்குச்சியைக் கொண்டுபோனார்.

"கொஞ்சம் பொறுங்க" என்றேன்,
எதற்கென்று தெரியாமல்.
குச்சி அவர் விரல்வரை எரிந்தது.