நாற்பத்தோராம் அறை

செக்காலை ரோட்டில் எங்கள் போன் ரிப்பேர் கடையில்
எதற்கும் சண்டை வரும்,
டீ பாக்கிக்கு, மின்விசிறி யார் பக்கம் திரும்புவது என்பதற்கு.
இந்த வாரம் 'பூட்டு'க்கு.

அந்த விளையாட்டுக்கு நீளமாய் ஒரு ஆங்கிலப் பேர் உண்டு.
வாயில் நுழையாததால்
பூட்டு ஒன்று, பூட்டு இரண்டு என
ஐந்துவரை எண்ணிக்கொள்கிறோம்.

ஒண்ணோட செத்துப்போச்சுடா, என்பான் சேவுகன்.
ஒரு அறை, ஒரு கதவு, நாலு கல்லு.
கல்லைத் தள்ளலாம், இழுக்க முடியாது.
அவ்வளவுதான் சட்டம்.
தப்பாத் தள்ளினா மூலையில போய் ஒட்டிக்கும்,
நீ அழுதாலும் வராது.
மூணுல மழை பெய்யுது, நாலுல நாய் குரைக்குது.
கதவு திறக்க நாய் எதுக்கு?

ஆரோக்கியம் பற்றவைக்கும் கம்பியைக் கீழே வைத்தான்;
அவன் அதைச் செய்வது அபூர்வம்.
அந்த நாய்க்காகத்தான் நான் விளையாடினேன்.
கடைசிக் கதவைத் திறந்ததும்
அது உள்ள வராம அங்கேயே நின்னுடும்.
அன்னைக்கு ராத்திரி எனக்குச் சோறு இறங்கல.
உன் ஒண்ணாம் பாகம் கணக்குப் பரீட்சை,
போய் நீயே எழுது.

ஜெய்னுலுக்கு ஐந்துதான்.
அதில் சுவரில் ஒரு விளக்கு, தொட்டால் வழி காட்டும்.
புதுவயல் பஸ்ல எனக்கு அரை மணி நேரம்.
நாள் பூரா திறக்காத போனோட மல்லுக்கட்டிட்டு
அந்த அரை மணியில ஒரு கதவாவது
திறக்கணும்ல?

விளக்கைத் தொடுறவன் விளையாடுறவனே இல்லை
என்று சேவுகன் சொல்லப்போய்
இரண்டு நாள் பேச்சில்லை.
ஸ்க்ரூ டிரைவரைக்கூட என் வழியாகத்தான்
கேட்டுக்கொண்டார்கள்.

புதன்கிழமை உமையாள் ஆச்சி வந்தார்.
கானாடுகாத்தானில் பலகாரக் கடைக்குக்
கணக்கு எழுதுகிறவர்.
போனின் முகம் முழுக்க விரிசல்,
சார்ஜர் துளையில் அதிரச மாவு.

டிஸ்ப்ளே மட்டும் மாத்துங்க தம்பி.
உள்ள பூட்டு இரண்டு திறந்தே இருக்கு.
நாப்பத்தோராவது அறை.
பதினோரு மாசமா நிக்கிறேன்.
யாரும் கை வச்சிடாதீங்க.

பூட்டு இரண்டு!
அதற்காக இந்தக் கடையில் யாரும்
ஒரு வார்த்தை பரிந்து பேசியதில்லை.

புதுக் கண்ணாடி பொருத்தி உயிர் கொடுத்ததும்
அந்த அறைதான் முதலில் எழுந்தது:
ஒன்பது கல், மேலே ஒரு கதவு,
எல்லாக் கல்லும் கதவைப் பார்த்தே
நெருக்கித் தள்ளப்பட்டுக் கிடந்தன.
நான் யோசிக்கக்கூட இல்லை.
கண்ணில் தானாக விழுந்தது.
இடப்பக்கம் மூன்றாவது கல்லைக்
கதவிலிருந்து விலக்கி
ஒரே ஒரு கட்டம்.

விரல் கூசியது.
தொடுதிரையை கால்குலேட்டரில் சோதித்தேன்,
ஒன்றிலிருந்து ஒன்பதுவரை,
பிறகு பூஜ்யம்.
மற்ற மூவரிடமும் மூச்சு விடவில்லை.
போனை மேஜை டிராயரில் வைத்துப் பூட்டிச்
சாவியை வீட்டுக்கு எடுத்துப்போனேன்.
அது கடைக்குப் புதுசு.

மறுநாள் ஆயிரத்து எண்ணூற்றைம்பதை
எண்ணி வைத்துவிட்டு
திரையை வெகுநேரம் பார்த்தார்.
அப்படியே இருக்கு, என்றார்.
பிறகு என் முகத்தைப் பார்த்தார்,
வரவு செலவில் ஒரு ரூபாய் இடிக்கும்போது
பார்ப்பது போல.

தெரிஞ்சிடுச்சா உங்களுக்கு?

நான் பில் புத்தகத்தில் தேதியை
இரண்டாம் முறை எழுதினேன்.

சொல்லிடாதீங்க, என்றார்.

சேவுகனுக்குப் பொறுக்கவில்லை.
நீங்களே சொல்லுங்க ஆச்சி,
அஞ்சுல எது நல்லது?

இதையே இன்னும் முடிக்கலையே அப்பச்சி,
எப்படிச் சொல்றது?
போனைப் பையில் போட்டுக்கொண்டு இறங்கினார்.
ஜெய்னுல் சிரித்துவிட்டான்,
சேவுகனைப் பார்த்தே.

எதிர்ச்சாரியில் அவர் பஸ் ஏறும்வரை
என் நாக்கின் அடியில் ஒரு கல் கிடந்தது.
தள்ளலாம்.
இழுக்க முடியாது.